பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் உதிரிப் பாகங்களை அடையாளம் காண்பதும் மதிப்பிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களின் காலத்தில் படைகள் பயன்படுத்திய கைத்துப்பாக்கிகளின் தனித்தனிப் பாகங்கள் பழைய பெட்டிகளிலும் ஏலங்களிலும் சேகரிப்பாளர்களின் அலமாரிகளிலும் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன, எந்த ஆண்டைச் சேர்ந்தது, என்ன விலை பெறும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. துப்பாக்கியைப் பூட்டுவதையோ சுடும் நிலைக்குக் கொண்டுவருவதையோ பற்றி இங்கே எதுவும் இல்லை.

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் சில பாகங்கள் இருக்கின்றன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

துடைக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த பாகத்தைப் பார்த்ததும் உப்புத்தாளையோ இரும்பு நாரையோ எடுத்துத் தேய்க்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத் தேய்ப்பில் அழியும் மெருகும் முத்திரையும் திரும்பக் கிடைப்பதில்லை. பெட்டியில் தோட்டா ஏதேனும் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைத் தனியே எடுத்துவைத்து, உங்கள் ஊர்ச் சட்டப்படி உரிய அதிகாரியிடம் ஒப்படைக்கும் வழியைக் கேட்டறியுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பாகத்தையும் வெள்ளைத்தாளின் மேல் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, எல்லாப் பக்கங்களையும் படமெடுங்கள். எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு ஒரே பொட்டலத்தில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே துணியில் சுற்றியிருந்த இரண்டு பாகங்கள் ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவை என்பதற்குச் சில சமயம் அந்தத் துணி மட்டுமே சான்றாக நிற்கும்.

வெறும் பாகத்தை வைத்திருப்பதற்கும் உரிமம் தேவையா?

இதற்கு நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. அமெரிக்காவில் வரிசை எண் பொறித்த சட்டகமே சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியாகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குழல், ஸ்லைடு (சுடும்போது பின்னோக்கி நகரும் மேற்பகுதி), சுழல் உருளை போன்றவையும் இன்றியமையாப் பாகங்களாகக் கருதப்பட்டுக் கட்டுப்படுத்தப்படுகின்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதம் என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கிறது. ஆகவே விலையை விசாரிப்பதற்கு முன்பே சட்டத்தை விசாரித்துவிடுவது நல்லது. அஞ்சலில் அனுப்பவோ எல்லை கடந்து விற்கவோ நினைப்பவர்கள் இரு நாடுகளின் விதிகளையும் எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.

எந்தத் துப்பாக்கியின் பாகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வடிவம், அளவு, முத்திரை என்ற வரிசையில் போவதே என் பழக்கம். முத்திரையிலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் முத்திரையைப் பின்னாளில் எவரும் அடித்துவிடலாம். வடிவத்தைப் போலியாக்குவது அத்தனை எளிதல்ல.

முழங்கால் மடங்குவதுபோல் மேல்நோக்கி மடங்கும் இணைப்பும், அதன் இருபுறமும் உருண்டையான பிடிகளும் இருந்தால் அது ஜெர்மனியின் லூகர். நீண்ட ஸ்லைடின் முன்பகுதி மேலே திறந்து, குழல் வெளியே தெரியும்படி இருந்தால் ஜெர்மனியின் வால்தர் பி-38 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். குழலுக்கு ஓர் அளவுகோல் போதும். லூகரின் தரைப்படை வகைக்குக் குழல் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர், கடற்படை வகைக்கு 150, பீரங்கிப் படை வகைக்கு 200. பி-38க்கு ஏறத்தாழ 125, சோவியத் டோக்கரேவ் டி.டி-33க்கு 116, அமெரிக்க எம் 1911க்கு ஏறத்தாழ 128. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் சுருள் வரிகள் எந்தப் பக்கமாகத் திரும்புகின்றன என்பதும் தெரியும். எம் 1911 குழலில் ஆறு வரிகள் இடப்பக்கமாகச் சுழலும். அது வலப்பக்கமாகச் சுழன்றால், வேறு எதைப் பார்ப்பதற்கு முன்பும் அந்தக் குழலைச் சந்தேகப்பட வேண்டும்.

திருகாணி, ஸ்பிரிங், சிறு ஊசி போன்றவற்றில் அடையாளம் ஏதும் இல்லாவிட்டால் அவற்றுக்காக இரவு பகலாக அலைய வேண்டாம். அவற்றை நல்ல வரைபடத்தோடு ஒப்பிட்டு வகை பிரித்து வைத்தால் போதும்.

பாகத்தின் மேல் எழுத்தும் எண்ணும் சின்னமும் குவிந்திருக்கின்றன. எதை எப்படிப் படிப்பது?

ராணுவக் கைத்துப்பாக்கியின் மேல் வெவ்வேறு கைகள் வெவ்வேறு நோக்கத்தோடு அடித்த குறிகள் இருக்கும். தயாரித்தவரின் குறி ஒன்று. அதிக அழுத்தத் தோட்டாவால் சுட்டுச் சோதித்த பின் அடித்த சோதனை முத்திரை ஒன்று. படையின் ஆய்வாளர் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கான ஏற்பு முத்திரை ஒன்று. இவற்றுக்கு மேல் வரிசை எண், உடைமைக் குறி, பிற்காலப் பழுதுபார்ப்புக் குறி என்று வேறு பலவும் சேரும். ஒரு குறியை இன்னொன்றாக நினைத்துக்கொள்வதில்தான் தொடக்கநிலைப் பிழைகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

லூகரிலிருந்தே இரண்டு எடுத்துக்காட்டுகள் தரலாம். குழலின் அடிப்பக்கத்தில் 8,82 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். அது வரிசை எண்ணும் அல்ல, ஆண்டும் அல்ல. குழலின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லும் அளவு அது. அதேபோல் தோட்டா அறையின் மேல் 1918 என்ற ஆண்டுக்குப் பக்கத்தில் 1920 என்று இன்னோர் எண் இருந்தால் அதுவும் தயாரிப்பு ஆண்டு அல்ல. போருக்குப் பின் அந்தத் துப்பாக்கி அரசுக்குச் சொந்தமானது என்று காட்ட அடித்த உடைமைக் குறியே அது.

ஜெர்மனியின் இரண்டாம் உலகப் போர்க்கால ஏற்பு முத்திரையில் கழுகும் அதனடியில் ஆய்வு அலுவலகத்தின் எண்ணும் இருக்கும். பி-38இல் 359 என்பது வால்தர் ஆலையையும், 135 என்பது மவுசர் ஆலையையும், 88 என்பது ஸ்ப்ரீவெர்க் ஆலையையும் குறிக்கும். பிரிட்டனில் ஒற்றை அம்புக்குறி அரசு உடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அப்பொருள் படையிலிருந்து முறையாக விற்கப்பட்டுவிட்டது என்று பொருள். அமெரிக்க எம் 1911இன் திருத்திய வடிவமான எம் 1911ஏ1 சட்டகத்தில் ஆய்வாளரின் பெயரெழுத்துகள் இருக்கும்: கோல்ட் ஆலையில் ஜி.எச்.டி, ரெமிங்டன் ராண்டில் எஃப்.ஜே.ஏ, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னலில் ஆர்.சி.டி.

ஜப்பானின் 14ஆம் வகை நம்பு துப்பாக்கியில் 19.5 என்று இருந்தால் அது ஷோவா ஆட்சியின் 19ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம். முதல் எண்ணோடு 1925ஐக் கூட்டினால் 1944 மே என்று வரும்.

லூகரின் சிறு பாகங்களில் எல்லாம் இரண்டு இலக்க எண் இருக்கிறதே, அது எதற்காக?

லூகரைச் சேகரிப்பவர்கள் வேறெதையும்விட இந்த எண்ணுக்கே உயிரைக் கொடுப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. அந்தத் துப்பாக்கியின் பாகங்கள் கையால் அரைத்து ஒன்றோடொன்று பொருத்தப்பட்டவை. சுத்தம் செய்யக் கழற்றும்போது ஒருவருடைய பாகம் இன்னொருவருடையதோடு கலந்துவிடக்கூடாது என்பதற்காக முழு வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சிறு பாகங்களிலும் அடித்தார்கள். ராணுவ வரிசை எண் அதிகபட்சம் நான்கு இலக்கம். பத்தாயிரம் முடிந்ததும் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்துச் சேர்த்து மறுபடி 1இலிருந்து தொடங்குவார்கள். ஆகவே எழுத்தைக் குறிப்பிடாமல் வெறும் எண்ணை மட்டும் சொல்பவர் பாதி முகவரியையே சொல்கிறார்.

ஒரு பக்கத்தகட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போம். தகட்டில் 47 என்று இருக்கிறது. அச்சு இறங்கிய இடத்தில் உலோகம் ஒதுங்கி, எண்ணின் ஓரங்களில் மிகச் சிறிய மேடு எழுந்திருக்கிறது. பள்ளத்தின் அடியில் நுணுக்கமான கறுப்புப் படிவு இருக்கிறது. சுற்றியுள்ள கருநீல மெருகு தேய்ந்திருக்கும் அளவுக்கே எண்ணின் விளிம்பும் மழுங்கியிருக்கிறது. இந்த மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் எண் பழையது. விளிம்பு கத்திபோல் கூராகவும் சுற்றிலும் மெருகு நைந்தும் இருந்தால், தேய்மானம் முதலில் வந்தது, எண் பிறகு வந்தது என்று பொருள்.

மரக் கைப்பிடித் தகடுகளின் உட்புறத்திலும் இதே இரண்டு இலக்கங்கள் அழுத்தப்பட்டிருக்கும். பலர் தகட்டைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. அப்படிப் பார்க்காமல் மலிவாக விற்றுவிட்டு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம் 1911இன் பாகங்களில் வேறு வேறு நிறுவனங்களின் பெயர் இருக்கிறது. அப்படியானால் அது போலியா?

இல்லை. லூகரின் தத்துவத்துக்கு நேர் எதிரானது இந்தத் துப்பாக்கி. எந்த ஆலையின் பாகமும் எந்த ஆலையின் சட்டகத்திலும் பொருந்த வேண்டும் என்பதே 1911 மார்ச் 29 அன்று ஏற்கப்பட்ட அந்த வடிவமைப்பின் பலம். இரண்டாம் உலகப் போரில் கோல்ட், ரெமிங்டன் ராண்ட், இதாகா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகியவை பெருமளவில் செய்தன. தையல் இயந்திரத்துக்குப் பேர்போன சிங்கர் 500 துப்பாக்கிகளை மட்டும் செய்தது. படைக்கலச் சாலைகளில் பழுதுபார்த்தபோது அத்தனையையும் கழற்றி, தொட்டிகளில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினார்கள். ஆகவே ரெமிங்டன் ராண்ட் சட்டகத்தில் கோல்ட் ஸ்லைடு இருப்பது அந்தத் துப்பாக்கியின் உண்மையான பணி வரலாறு. ஸ்லைடின் வலப்புறத்தில் 7790314 என்று வரைபட எண் இருந்தால் அது பிற்கால மாற்று ஸ்லைடு. அது போர்க்காலத் துப்பாக்கியின் முதல் ஸ்லைடு என்று சொல்லி விற்பவரிடமிருந்து வாங்காதீர்கள்.

எம் 1911க்கும் எம் 1911ஏ1க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பாகங்களிலேயே காணலாம். 1920களில் செய்த மாற்றங்களில் கைப்பிடியின் பின்புறம் தட்டையாக இருந்த ஸ்பிரிங் உறை வளைவானது, விசை குட்டையானது, பிடிப் பாதுகாப்பின் (கைப்பிடியை இறுகப் பிடித்தால்தான் சுடவிடும் நெம்புகோலின்) வால் நீண்டது, சட்டகத்தில் விசைக்குப் பின்னால் விரலுக்கு இடம்விடும் செதுக்கல் வந்தது. கைப்பிடித் தகட்டில் திருகுத் துளைகளைச் சுற்றி வைர வடிவில் செதுக்காமல் விட்ட மரத் தகடுகள் முந்தைய காலத்தவை. பழுப்பு நெகிழித் தகடுகள் போர்க்காலத்தவை. மெருகிலும் காலம் தெரியும்: போருக்கு முன் நீலம், போர்க்காலத்தில் சாம்பல்-பச்சை சாயலில் பார்க்கரைசிங் என்ற பாஸ்பேட் பூச்சு. 1918ஆம் ஆண்டுப் பாகம் பார்க்கரைசிங்கோடு இருந்தால் அது படைக்கலச் சாலைக்கு ஒருமுறையாவது போய்வந்திருக்கிறது.

பி-38 பாகத்தின் தயாரிப்பாளரை எப்படி அறிவது?

ஆலையின் பெயருக்குப் பதில் அடித்த ரகசியக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஏ.சி என்பது வால்தர், பி.ஒய்.எஃப் என்பது மவுசர், சி.ஒய்.க்யூ என்பது ஸ்ப்ரீவெர்க். முதல் இரண்டிலும் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் உடன் இருக்கும், ஸ்ப்ரீவெர்க்கில் ஆண்டு இருக்காது. 1945இல் மவுசரின் குறியீடு எஸ்.வி.டபிள்யூ என்று மாறியது. 1940இல் வால்தர் தன் பெயருக்குப் பதில் 480 என்ற எண்ணைச் சிறிது காலம் மட்டுமே பயன்படுத்தியதால், அந்தக் குறி கொண்ட ஸ்லைடு அரிதானது. அரிதானது என்பதாலேயே அதில் ஏமாற்றும் அதிகம். போரின் கடைசி மாதங்களில் செய்த பாகங்களில் கருவித் தடங்கள் கரடுமுரடாகத் தெரிவது இயல்பு. அதைக் குறையாகக் கருதி மெருகேற்றினால் அந்த மாதங்களின் அவசரத்தைக் காட்டும் சான்றை நீங்களே அழித்துவிடுகிறீர்கள்.

சோவியத் பாகங்களில் பழைய எண்களைக் கோடிட்டு நீக்கிவிட்டு, உலோகத்தில் எழுதும் மின்பேனாவால் வேறு எண் எழுதியிருக்கிறார்களே?

போருக்குப் பின் சோவியத் கிடங்குகள் டோக்கரேவ் துப்பாக்கிகளையும் நாகாந்த் சுழல் துப்பாக்கிகளையும் கைப்பற்றிய ஜெர்மன் துப்பாக்கிகளையும் மொத்தமாகக் கழற்றிச் சீரமைத்து, தடிப்பான கறுப்பு மெருகு ஏற்றி, பாகங்களைச் சட்டகத்தின் எண்ணுக்கு ஒத்துப்போகும்படி மறு எண்ணிட்டு வைத்தன. இது ஏமாற்று அல்ல, கிடங்கு நடைமுறை. ஆனால் ஆலையில் ஒத்த எண்ணுக்கு உள்ள மதிப்பு இதற்கு இல்லை. டோக்கரேவ் ஸ்லைடுக்கு ஓர் எளிய குறிப்பு உண்டு: பிடிப்பதற்கான பள்ளங்கள் அகலமும் குறுகலுமாக மாறி மாறி வந்தால் அது 1947க்கு முந்தையது, எல்லாம் ஒரே அகலமானால் பிந்தையது.

போலிப் பாகத்தை எப்படிப் பிரித்தறிவது?

அச்சால் அடித்த பழைய எண்ணுக்கும் பின்னாளில் அடித்த எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை மேலே சொன்னேன். லேசரால் வெட்டிய எழுத்தின் சுவர் செங்குத்தாகவும் அடித்தளம் சமமாகவும் இருக்கும், ஓரத்தில் மேடு எழும்பாது. வார்ப்புப் பாகத்தில் அச்சுப் பொருந்திய கோடும் ஊசிமுனைத் துளைகளும் தென்படும். போர்க்காலப் பாகங்கள் பெரும்பாலும் கடைந்தவை, அரைத்தவை, பின்னாளில் அழுத்தித் தகட்டில் செய்தவை. பேக்கலைட் (பழைய வகைக் கடின நெகிழி) என்று சொல்லப்படும் தகட்டின் மேல் சூடான ஊசியை வைத்துப் பார்க்கச் சிலர் அறிவுரை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். உண்மையானதாக இருந்தால் அதில் நீங்களே ஒரு தழும்பு போட்டுவிடுவீர்கள்.

மவுசர் சி-96இன் கைப்பிடியில் சிவப்பாக 9 என்று எரித்துச் செதுக்கியிருப்பது, 1916இல் 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக 1,50,000 துப்பாக்கிகள் கேட்டுக் கொடுத்த ஆணையைச் சேர்ந்த அடையாளம். வேறு காலிபர் (விட்ட அளவு) தோட்டாவை யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த எச்சரிக்கை அது. சாதாரண மரத் தகட்டில் 9ஐ வெட்டிச் சிவப்பு பூசுவது எளிது என்பதால், இந்தத் தகடுகளில் மரத்தின் தேய்மானமும் செதுக்கிய பள்ளத்தின் தேய்மானமும் ஒத்துப்போகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். கழுகு முத்திரை பொறித்த பாகத்துக்குக் கேட்ட விலை கிடைக்கும் என்பதால் வெற்றுப் பாகத்தில் அம்முத்திரையை அடிப்பவர்களும் இருக்கிறார்கள். முத்திரை சரியாக இருப்பது மட்டும் போதாது. அந்த ஆலையில், அந்த ஆண்டில், அந்தப் பாகத்தின் அந்த இடத்தில்தான் அதை அடித்தார்களா என்பதே கேள்வி.

துருவை நீக்கலாமா?

படர்ந்துகொண்டிருக்கும் செந்துருவை நிறுத்தியாக வேண்டும். மெல்லிய எண்ணெயில் சில நாட்கள் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிடிவாதமான புள்ளியை மரக்குச்சியின் முனையால் மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கு மேல் போக வேண்டாம். பழைய எஃகில் சமமாகப் படிந்த பழுப்பு நிறம் நீக்க வேண்டிய துரு அல்ல, காலத்தின் தோல். அதை உரித்து மறுபடி நீலம் ஏற்றிய பாகம் பளபளக்கும், ஆனால் விலை சரியும்.

சில லூகர்களின் விசை, பாதுகாப்பு நெம்புகோல், மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) பிடிப்பு ஆகியவை வைக்கோல் நிறத்தில் இருக்கும். அவை 1937 வரை சூட்டால் வேண்டுமென்றே கொண்டுவந்த நிறம். அதைக் கறை என்று நினைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்ட ஒரு விசையை ஒருமுறை என்னிடம் காட்டினார்கள். திருத்த வழி இல்லை.

ஒரு பாகத்தின் விலை எதனால் தீர்மானமாகிறது?

அந்தப் பாகத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. எளிதில் உடையும், தொலையும் பாகங்களுக்கு எப்போதும் தேவை இருக்கும்: லூகரின் மர அடி மேகசின், கைப்பிடித் தகடு, சுடும் ஊசி, எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி). மாறாக, உறுதியான பெரிய பாகங்கள் தேடுவோருக்கு அடிக்கடி தேவைப்படாதவை. அவற்றில் சட்டச் சிக்கலும் கூடுதல்.

அடுத்து மெருகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. அசல் மெருகு எண்பது விழுக்காடு மிஞ்சிய பாகத்துக்கும் நாற்பது விழுக்காடு மிஞ்சியதற்கும் இடையே உள்ள விலை வித்தியாசம் இரண்டு மடங்கைத் தாண்டிப்போவதை ஏலங்களில் பார்க்கலாம். அதற்கடுத்து அரிய தயாரிப்பாளர் அல்லது அரிய மாதம். கடைசியாக, எல்லோரும் முதலில் நினைக்கும் வயது. வயது மட்டும் எதையும் தருவதில்லை.

விலையைக் கணிக்கும்போது கேட்கும் விலையை நம்பாமல், முடிந்த விற்பனைகளின் விலையைத் தேடுங்கள். ஒரே வகை, ஒரே ஆலை, ஒரே நிலையில் மூன்று விற்பனைகள் கிடைத்தால் நடுவில் உள்ளது உங்கள் வழிகாட்டி. அவற்றுள் ஒன்று மட்டும் மிக உயரமாக இருந்தால், இரண்டு பேர் அன்று ஏலத்தில் மோதிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

மேகசினுக்கு ஏன் அவ்வளவு விலை சொல்கிறார்கள்?

மேகசினில் எண் இருப்பதால். லூகருக்கு இரண்டு மேகசின்கள் கொடுத்தார்கள், அடியில் துப்பாக்கியின் எண்ணை அடித்தார்கள், இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் சேர்த்தார்கள். மேகசின் கையிலிருந்து நழுவும் பொருள் என்பதால் முழு ஜோடியாக எஞ்சியவை குறைவு. அடியில் எண்ணும் கூட்டல் குறியும் தெளிவாக இருக்கும் மேகசின் ஒன்று கிடைத்தால், அதற்குரிய துப்பாக்கி எங்கோ யாரிடமோ இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். சேகரிப்பாளர்கள் எண் தேடும் பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். அப்படி இரண்டும் சேர்ந்த நிகழ்வுகள் இருக்கின்றன, சேர்ந்தபின் இரண்டின் மதிப்பும் கூடுகிறது.

பாகத்தில் வேறு எண் இருக்கிறது. அதை என் துப்பாக்கியின் எண்ணுக்கு ஒத்துவரும்படி மாற்றி அடிக்கலாமா?

கூடாது. பழைய எண்ணைத் தேய்த்துப் புது எண் அடிப்பது வாங்குபவரை ஏமாற்றுவது. அதோடு இரண்டு துப்பாக்கிகளின் வரலாற்றையும் ஒரே அடியில் பொய்யாக்குவது. பல நாடுகளில் சட்டகத்தின் எண்ணைத் தொடுவது நேரடிக் குற்றம். ஒத்துவராத எண்ணோடு இருக்கும் பாகத்தை அப்படியே எழுதிக்காட்டி விற்பவருக்குச் சற்றுக் குறைவான விலை கிடைக்கலாம். ஆனால் அவரிடம் மறுபடியும் வாங்க வருவார்கள்.

முழுத் துப்பாக்கியை உடைத்துப் பாகங்களாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்கிறார்களே?

சில சமயம் உண்மைதான். ஆயினும் எண்கள் எல்லாம் ஒத்து, எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்தே இருந்த ஒன்றை உடைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உடைத்தபின் 47 என்ற பக்கத்தகடு வெறும் தகடு. துப்பாக்கியில் இருக்கும்போது அது ஒரு மனிதரின் கையில் இருந்த பொருளின் அங்கம். சட்டகம் சட்டப்படி வெட்டி அழிக்கப்பட்டு பாகங்கள் மட்டும் மிஞ்சிய துப்பாக்கியாக இருந்தால் நிலைமை வேறு. அப்போது பாகங்களைத் தேவைப்படுவோரிடம் சேர்ப்பதே நல்லது.

நிபுணரிடம் அனுப்பும்போது என்ன எழுத வேண்டும்?

இது எவ்வளவு போகும் என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பாகத்தின் நீளம், விட்டம், எடை, அதன் மேல் தெரியும் ஒவ்வொரு எழுத்தும் எண்ணும் இருக்கும் இடத்தோடு, காந்தம் ஒட்டுகிறதா என்பது, எந்தப் பொட்டலத்தில் எதனோடு கிடைத்தது என்பது ஆகியவற்றை எழுதுங்கள். ஒளி சாய்வாக விழும்படி எடுத்த படம் முத்திரையின் ஆழத்தைக் காட்டும். நேரே விழும் ஒளி அதை மறைத்துவிடும். படத்தைத் திருத்தி ஒளிரச் செய்ய வேண்டாம். பதில் வரும்வரை பாகத்தை மெல்லிய எண்ணெய் தடவி, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் எண்ணிட்ட சீட்டு வைத்து, ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். தோல் உறையில் வைக்காதீர்கள். தோலைப் பதனிடும்போது சேர்ந்த அமிலம் எஃகை அரித்து, ஓராண்டுக்குள் உறையின் மடிப்பின் வடிவத்திலேயே துருவைப் பதித்துவிடும்.